காசு கட்டினால் வராத கதை

மிளகும் சீரகமும் பூண்டும் நசுக்கி வைத்திருந்தேன். புளி கரைத்தாயிற்று. போனை அஞ்சறைப் பெட்டியின் மேல் சாய்த்து வைத்து, நம் சமையல் ஆப்பில் உன் ரசக் குறிப்பைத் தேடித் தொட்டேன். எப்போதும் தொட்டவுடன் செய்முறை வந்து நிற்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அது வரவில்லை. முதலில் ஒரு மிக்ஸி விளம்பரம் வந்தது. ஈரக்கையோடு அதை மூட வழி தெரியாமல் நின்றேன். அது போனதும் நீ வந்தாய்.

"இன்னிக்கு ரசம் வெக்கப் போறோம். அதுக்கு முன்ன ஒரு சங்கதி" என்று எழுத ஆரம்பித்திருந்தாய்.  நீ போனது பங்குனியில். இப்போது ஆடி நடக்கிறது. இத்தனை நாளாகக் கேட்காத உன் பேச்சு, மிக்ஸி விளம்பரத்தின் பின்னாலேயே என் அடுப்படிக்குள் நுழைந்து நிற்கிறது. நான் அடுப்பை அணைத்தேன்.

ஆப்பில் என் பிரீமியம் சந்தா முடிந்துபோயிருந்தது என்று அப்புறம்தான் புரிந்தது. அதைப் போட்டுக் கொடுத்தவளே நீதான். உனக்குத் தெரிந்ததையெல்லாம் உனக்கே திரும்பச் சொல்லப் போகிறேன், சகித்துக்கொள். நீ இருந்தபோது என்னைப் பேசவிட்டதே இல்லை. இப்போது குறுக்கே பேச உன்னால் முடியாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில், கீழே லேத் பட்டறை, மேலே ஆப்பை நடத்துகிற நம் ஆபீஸ். அவர்கள் இரும்பைக் கடைந்தால் நம் மேஜை நடுங்கும். ஊருக்கெல்லாம் சமையல் சொல்லித்தருகிற இடத்தில் மெஷின் ஆயில் நாற்றம்தான் அடிக்கும். நீ திருமுல்லைவாயிலிலிருந்து ரயிலில் வருவாய், நான் முகப்பேரிலிருந்து வண்டியில். டைப் அடிக்க வந்தவள் நீ. ஒரு நாள் உன் டிபன் பாக்ஸிலிருந்து மேனேஜர் ஒரு வாய் சாப்பிட்டான். அன்றிலிருந்து நீ குறிப்பு எழுதுகிறவள் ஆகிவிட்டாய். நான் சந்தாவும் புகாரும் பார்க்கிறவள். அதாவது, சேர்ந்தவர்கள் ஓடிவிடாமல் பிடித்து வைப்பதும், திட்டுகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்பதும் என் பிழைப்பு.

என்னவெல்லாம் செய்தோம். ராத்திரிக்கு என்ன பண்ணுவது என்று மண்டை காய்கிற சாயங்கால நேரமாகப் பார்த்து, 'இன்னிக்கு என்ன டிபன்?' என்று ஒவ்வொரு போனையும் தட்டுவோம். வெள்ளிக்கிழமை என்றால் வெங்காயம் பூண்டு இல்லாதது. ஒரு வாரம் இலவசம் என்று உள்ளே கூப்பிடுவோம். வாரம் முடிந்ததும் அவர்கள் கணக்கிலிருந்து பணம் தானாகக் கழியும். வேண்டாம் என்று சொல்ல ஒரு பட்டன் இருந்தது, சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டுத் தேடினாலும் கிடைக்காத மூலையில். நீ 'மிளகாய்த்தூள்' என்று எழுதினால், விளம்பரம் கொடுத்த கம்பெனியின் பெயரை மேனேஜர் அதன் முன்னால் ஒட்டிவிடுவான். "மெளகாத்தூளுக்குக் கூடவாடா இனிஷியல்?" என்று நீ கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

கடுகு விவகாரத்தை எப்படி மறப்பேன். எந்த இடத்தில் ஜனங்கள் போனையே பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார்கள் என்று மேனேஜர் ஆராய்ச்சி செய்தான். 'எண்ணெய் காய்ந்ததும் கடுகு போடவும்' என்ற இடத்தில். நிற்காமல் என்ன செய்வார்கள், அடுத்து என்ன என்று பார்த்துத்தானே ஆக வேண்டும். சரியாக அந்த இடத்தில், மூட முடியாத ஒரு விளம்பரத்தைச் செருகினான். அது முடிந்து கறிவேப்பிலை வருவதற்குள் கடுகு கரியாகிவிடும். பழகிய கைகளுக்குப் பரவாயில்லை. அறை எடுத்துத் தங்கிப் புதிதாகச் சமைக்கிற பையன்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். கருகிய வாணலியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பித் திட்டுவார்கள். நான் உட்கார்ந்து மன்னிப்பு டைப் அடிப்பேன்.

நீ அவனிடம் போய், விளம்பரத்தை 'ஊற வைக்கவும்' என்கிற இடத்துக்கு மாற்றச் சொன்னாய். ஊற வைத்துவிட்டு எல்லோரும் போனை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், யார் பார்ப்பது என்றான் அவன். நீ மறுபேச்சுப் பேசவில்லை. உன் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, அத்தனை குறிப்பிலும் தாளிப்பை எடுத்துக் கடைசியில் போட்டு, எண்ணெயில் தொடங்கிப் பெருங்காயம் வரை ஒரே மூச்சில் ஒரே வாக்கியமாக எழுதினாய். நடுவில் விளம்பரம் நுழைய இடமே இல்லை. அவன் அதைக் கண்டுபிடிக்கவும் இல்லை. புகார் நின்றதற்குத் தன் சாமர்த்தியம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டான்.

கதையும் அவன் யோசனைதான். ரசம் வைக்க நாலைந்து வரி போதும், அதற்குள் விளம்பரத்தை எங்கே போடுவது? விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனால்தான் வழியில் விளம்பரம் வைக்கலாம். அதனால் ஒவ்வொரு குறிப்புக்கும் முன்னால் நீளமாக ஏதாவது எழுது என்றான். எதை வேண்டுமானாலும் எழுது, நீளம்தான் முக்கியம் என்றான். முதலில் உனக்கு எரிச்சல். அப்புறம் சூடு பிடித்துவிட்டது. ரயிலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே வருகிற பெண்களின் சண்டை, உன் மாமியார் பூட்டி வைத்த நெய் டப்பா, ஆவடி ஃபேக்டரி கேன்டீன் தயிர்சாதத்தை உன் வீட்டுக்காரர் உன் சமையலைவிட உசத்தி என்று சொன்ன நாள் என்று அளந்தாய். மேனேஜர் ஒன்றையும் படித்ததில்லை. நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பான், போட்டுவிடுவான்.

எனக்குப் புகார் குவிந்தது. 'உப்பு எவ்வளவுன்னு கேட்டா உங்க மாமியார் கதை எதுக்கு' என்று எழுதுவார்கள். எல்லாவற்றையும் திரட்டி அவனிடம் கொண்டுபோனேன். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, கண்டுபிடித்துவிட்டேன் என்று வந்தான். காசு கட்டுகிறவர்களுக்கு விளம்பரமும் வராது, கதையும் வராது. தொட்டால் நேரே செய்முறை. அதற்குப் பெயர் பிரீமியம்.

நீ சிரித்த சிரிப்பில் டீ கொட்டிப்போயிற்று. "இன்னாடி அநியாயமா கீது, நான் வாய மூடிகினு கீறதுக்கு ஜனங்க துட்டு கட்றாங்க" என்றாய். நானும்தான் சிரித்தேன். அந்த மாதம் சந்தா எக்கச்சக்கமாக ஏறியது. உன் வாயை மூட இத்தனை பேரா என்று நான் உன்னைக் கிண்டல் செய்தபடியே இருந்தேன்.

போன ஆடியில் உனக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். அது என்ன கட்டி என்று நம் எல்லோருக்கும் தெரியும். நீ கடைசிவரை கட்டி என்றுதான் சொன்னாய். வீட்டிலிருந்தே எழுதுகிறேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு மேஜையைக் காலி செய்தாய். நம் ஆபீசில் ஒவ்வொருவரும் வேண்டியவர்கள் மூன்று பேருக்கு ஒரு வருடம் பிரீமியம் இனாமாகத் தரலாம். அதுவரை நீ ஒருவருக்கும் தந்ததில்லை. அன்றைக்கு என் போனைப் பிடுங்கி எனக்குப் போட்டாய். அடுத்த வாரம் வீட்டிலிருந்து உன் வீட்டுக்காரருக்கும், பூந்தமல்லியில் இருக்கிற உன் தங்கைக்கும் போட்டதாகச் சொன்னாய்.

எனக்கெதற்கு, நான்தான் ஆபீஸ்காரி ஆயிற்றே என்றேன். "ஊட்ல சமைக்கும்போது பேஜாரு இல்லாம இருக்கட்டும். என் மொக்கைய நீ வேற படிக்கணுமா?" என்றாய். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இந்த நிலைமையிலும் என் அடுப்படியை நினைக்கிறாளே என்று வண்டியில் போகும்போது கண் கலங்கினேன். நான் ஒரு மக்கு.

அதற்கப்புறம் ஞாயிறானால் உன் வீட்டுக்கு வந்தேன். நீ ஒரு வார்த்தை உடம்பைப் பற்றிப் பேசவிட்டாயா? நான் முகத்தைச் சற்று இறக்கினால் போதும், உடனே மேனேஜர் மாதிரி நடந்து காட்டுவாய். முடி கொட்டினபோது, ஷாம்பு செலவு மிச்சம் என்றாய். நான் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். உன் வீட்டுக்காரர் வாசல் வரை வந்து வண்டியைத் திருப்பி நிறுத்துவார். அவரும் ஒன்றும் சொல்ல மாட்டார். அவரிடமும் நீ இப்படித்தான் இருந்திருக்கிறாய் என்று இப்போது தெரிகிறது.

ஒரு ஞாயிறு தூக்குவாளியில் ரசம் கொண்டுவந்தேன், உன் குறிப்பைப் பார்த்து வைத்தது. ஒரு டம்ளர் குடித்துவிட்டு, உப்பு கம்மி என்றாய். கம்மிதான். வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம். நாக்கு சரியாக இருக்கிறது, சாப்பாடு இறங்குகிறது, பிழைத்துவிடுவாள் என்று என் வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன்.

இனி, நான் படித்ததைச் சொல்கிறேன். ரசக் குறிப்பின் பழைய கதையை எடுத்துவிட்டு, நான் வந்துபோன மறுநாள் நீ எழுதி வைத்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன்.

"எனக்கு நாக்குல ருசி போயி ரொம்ப நாளாவுது. ஊசி போட்டதுலேர்ந்து எல்லாமே மண்ணு மாரி கீது. நேத்து என் ஃபிரெண்டு ரசம் எடுத்துகினு வந்தா. எனக்கு வெந்நீர் குடிச்ச மாரிதான் இருந்துச்சு. ஆனா ஊத்தும்போது மூடில ஒட்னத அவ லேசா நக்கிப் பார்த்தா. மூஞ்சி சுருங்குச்சு. சரி, உப்பு கம்மின்னு புரிஞ்சுகினேன். சொன்னேன். சந்தோஷமா போனா."

நடுவில் ஒரு சமையல் எண்ணெய் விளம்பரம். எண்ணெய் தங்க நிறத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். அது முடிந்து மறுபடி நீ.

"அவகிட்ட சொல்லாதது ஒன்னு கீது. எனக்கு பயமா கீது. யாராச்சும் 'பயமா கீதா'ன்னு ஒரு வார்த்த கேட்டா ஓன்னு அழுதுருவேன். அதான் கேக்க வுடாம ஜோக்கு அடிச்சுகினே கீறேன். சரி, புளிய ஊற வெச்சாச்சா?"

அன்றைக்கு ரசம் வைக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்து, கடைசி வருடத்தில் நீ எழுதிய ஒவ்வொன்றாகத் திறந்தேன். வத்தக்குழம்புக்கு முன்னால், தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டுகிறது என்று, மூக்கில் துணி கட்டிக்கொண்டு தாளித்ததை எழுதியிருந்தாய். பருப்புப் பொடிக்கு முன்னால், ராத்திரி உன் வீட்டுக்காரர் தூங்குகிற மாதிரி படுத்திருப்பார், நீயும் தூங்குகிற மாதிரி படுத்திருப்பாய், ரெண்டு பேரும் தூங்கியிருக்க மாட்டீர்கள் என்று எழுதியிருந்தாய். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நாப்கின், கடன், நகைக்கடை என்று ஏதாவது ஒரு விளம்பரம் வந்தது. எதையும் மூடவில்லை. எல்லாவற்றையும் பார்த்தேன்.

கதைக்குக் கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் உடைந்துபோனேன். கதை வராத எங்களுக்கு அதுவும் வந்ததில்லை, புகார் இல்லை என்பதால் என் மேஜைக்கும் வந்ததில்லை. முகம் தெரியாத பெண்கள். 'அக்கா, இன்னைக்கு எப்படி இருக்கீங்க?' 'எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு, ஐஸ் கட்டி வாயில வெச்சுக்கிட்டா கொஞ்சம் தேவலைன்னு சொல்வாங்க.' ஒரு பையன், கடுகு கருக்கியவர்களில் ஒருவனோ என்னவோ, 'பயமா இருந்தா இங்க எழுதுங்க அக்கா, நாங்க இருக்கோம்' என்று எழுதியிருந்தான். நீ ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லியிருந்தாய். அந்தப் பையனுக்கு, 'நிறைய அழுதேன் நைனா, நல்லா கீது இப்ப' என்று. கடைசிக் குறிப்பின் கீழே மட்டும் பதில் இல்லை. 'அக்கா எங்க போனீங்க' என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

காசு கட்டாத அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. நீ கையால் எடுத்துக் கொடுத்த எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியாது. என்ன நெஞ்சழுத்தம் உனக்கு. எனக்கு வந்தது துக்கமா கோபமா என்று சொல்லத் தெரியவில்லை. நீ உயிரோடு இருந்தால் ரெண்டு அறை விட்டிருப்பேன். யார் யார் படிக்கக் கூடாதோ அவர்களைப் பொறுக்கி எடுத்து, பரிசு என்று சொல்லி, வாசலை அடைத்திருக்கிறாய். நாங்களும் விளம்பரம் இல்லை, நிம்மதி என்று சந்தோஷமாகச் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். நான் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம். நீ ஜோக் அடித்தால் அடித்துவிட்டுப் போகிறாய் என்று, விடாமல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உன் ஜோக்குக்குச் சிரிப்பது எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

மறுநாள் ஆபீசுக்குப் போனதும் மேனேஜரிடம், பழைய கதைகளை எடுத்துவிடப் போகிறார்களா என்று கேட்டேன். எனக்கு அந்தப் பயம் வந்துவிட்டது. எடுப்போமா அக்கா, ஜனங்க அதுலதான் ரொம்ப நேரம் நிக்கறாங்க, நல்ல வருமானம் என்றான். ஏன் நிற்கிறார்கள் என்று இன்றுவரை அவன் பார்க்கவில்லை. நான் வருடக்கணக்காகத் திட்டிய அந்த விளம்பரங்கள்தான் உன் எழுத்துக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கின்றன. அவை வருகிறவரைக்கும் நீ இருப்பாய்.

புதன்கிழமை உன் வீட்டுக்காரர் கூப்பிட்டார். நீ போனதிலிருந்து அவர் உன் குறிப்பை வைத்துத்தான் சமைக்கிறார். ஷிஃப்டுக்குப் போவதற்கு முன் குழம்பு வைத்துவிடுகிறார். உன் தங்கை, பார்க்கவே முடியவில்லை என்று போனிலிருந்து ஆப்பையே எடுத்துவிட்டாள். அவர் மட்டும் பிடிவாதமாகத் தினமும் திறக்கிறார். ஞாயிற்றுக்கிழமையோடு பிரீமியம் முடிகிறது என்று போனில் வருகிறதாம். விளம்பரமெல்லாம் தனக்கு ஒத்துவராது, நீட்டித்துத் தர முடியுமா என்று கேட்டார்.

என் மேஜையிலிருந்தே முடியும். ஒரு பட்டன். அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுத்தினால், அவர் சாகும்வரை உன் ரசத்தை வைப்பார், உன் பயத்தைப் படிக்க மாட்டார். அதைத்தான் நீ விரும்பினாய். அழுத்தாவிட்டால், அந்த மனிதர் தனியாக நிற்கிற அடுப்படிக்குள் நீ நுழைந்து, நாம் ரெண்டு பேரும் தூங்கவில்லை என்று சொல்வாய். நீ அடைத்ததைத் திறக்க நான் யார்? அடைத்தவளுக்கு, பரிசு ஒரு வருடத்தில் காலாவதியாகும் என்று தெரியாதா? அதைத் தெரிந்து வைத்துத்தான் கொடுத்தாயா, அந்தச் சமயத்தில் அதெல்லாம் நினைப்பிலேயே இல்லையா? உன்னிடம் கேட்க வழியில்லை. கேட்காமல் விட்டதுதான் என் வழக்கமாயிற்றே.

சாயங்காலம் நானே கூப்பிட்டுச் சொன்னேன். "அண்ணே, நான் இன்னும் போடல. ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் விளம்பரம் வரும். அதோட சேர்ந்து அவ எழுதினது வரும். உங்ககிட்டயும் என்கிட்டயும் சொல்லாததெல்லாம் அதுல இருக்கு. வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க, போட்டுத் தர்றேன்."  அவருக்குப் பின்னால் ஃபேக்டரி பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது. "சரிம்மா" என்று வைத்துவிட்டார். எதற்குச் சரி என்று எனக்குத் தெரியவில்லை. பட்டனை அழுத்தவில்லை.

திங்கள் அவர் கூப்பிடவில்லை, செவ்வாயும் இல்லை. தப்புச் செய்துவிட்டேன் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று காலை, நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"பருப்புப் பொடி அரைக்கலாம்னு எடுத்தேம்மா" என்றார். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "அவ தூங்கலன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவளுக்கும் தெரிஞ்சுகீது, பாரு." விளம்பரம் நிறைய வருகிறது என்றார். நீட்டித்துத் தரட்டுமா என்று கேட்டேன். "வாணாம்மா. வரட்டும். அது வந்தாத்தானே இவளும் வருவா."

கீழே ஜனங்கள் கேட்டுக்கொண்டிருப்பதையும் பார்த்தாராம். அவர்களுக்குத் தானே பதில் எழுதட்டுமா, தப்பில்லையே என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். அதோடு பேச்சு முடிந்திருக்க வேண்டும். வழக்கம் போல, சாப்பிடுங்கண்ணே, உடம்பைப் பார்த்துக்கோங்க என்று சொல்லிவிட்டு வைத்திருப்பேன். வாய் வரை வந்துவிட்டது. வைக்கவில்லை. உன்னிடம் கேட்காமல் நான் சுமந்து திரிகிற அந்த ஒரு வார்த்தை என்னிடம் இருந்தது.

"அண்ணே, பயமா இருக்கா?" என்றேன்.

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. 

"கீதும்மா" என்றார்.